டாக்டர்களுக்கான கணக்கு: ஆடிட்டரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்

என் மனைவி குழந்தைகள் நல மருத்துவர். திருச்சி தில்லை நகரில் மாலை கிளினிக், காலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்ட். நான் பி.காம் முடித்து நான்கு வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பில் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன், இப்போது இந்த ஒரே கிளினிக்கின் கணக்கப்பிள்ளை. அவருடைய பேட்ச் நண்பர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் காபி ஆறுவதற்குள் பேச்சு என் பக்கம் திரும்பிவிடும். "அண்ணே, வருசத்துக்கு இவ்வளவு பிடிக்கிறாங்க, இது சரிதானா?" என்பார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பெரும்பாலான டாக்டர்கள் செய்வது ஒன்றுதான். ஜூலை வந்ததும் ஆடிட்டருக்கு ஒரு வாட்ஸ்அப், கூடவே ஃபார்ம் 16ஏ, பேங்க் ஸ்டேட்மென்ட், "சார் ஃபைல் பண்ணிடுங்க". ஜூலையில் ஆடிட்டரால் என்ன செய்ய முடியும்? மார்ச் 31-ஓடு முடிந்துபோன வருடத்தை எழுதிவைக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதெல்லாம் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் நடக்க வேண்டியவை. ஆகவே ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஃபீஸில் பாதிக்காவது அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் அவரிடம் பேசி வேலை வாங்குங்கள்.

இன்னொன்று, எண்களைப் பற்றி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் பழைய எண்தான் நாக்கில் இருக்கிறது, நானும் அதையே எழுதுகிறேன். வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி (விகிதமும் கழிவுகளும் குறைவாக உள்ள முறை, மேலே சொன்ன புதிய சட்டம் வேறு).

வருவது சம்பளமா, ஃபீஸா

முதல் கேள்வி இதுதான், பல டாக்டர்களுக்கு இதற்கே பதில் தெரியாது. மருத்துவமனை உங்களுக்குப் பணம் போடும்போது வரியை 192-ஆவது பிரிவில் பிடிக்கிறதா, 194ஜே-இல் பிடிக்கிறதா? 192 என்றால் நீங்கள் ஊழியர், ஃபார்ம் 16 வரும். 194ஜே என்றால் நீங்கள் தொழில்முறை கன்சல்டன்ட், 10 சதவீதம் டிடிஎஸ் (முன்னதாகவே பிடிக்கும் வரி) போக மீதி வரும், ஃபார்ம் 16ஏ கிடைக்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். மாதம் 2 லட்சம், வருடம் 24 லட்சம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சம்பளக்காரர். நிலையான கழிவு 75,000 போக 23.25 லட்சத்துக்கு வரி, செஸ் (வரியின் மேல் சேரும் 4 சதவீதம்) சேர்த்து 2,92,500 ரூபாய். இன்னொருவர் அதே 24 லட்சத்தை ஃபீஸாக வாங்கி 44ஏடிஏ பிரிவில் கணக்குக் காட்டுகிறார். பாதி, அதாவது 12 லட்சம்தான் வருமானம். 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். மருத்துவமனை பிடித்த 2.4 லட்சமும் ரீஃபண்டாகத் திரும்பி வரும். (சேமிப்புக் கணக்கு வட்டி ஐயாயிரம் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம், தாண்டிய தொகை அளவுக்குத்தான் வரி வரும்படி ஒரு சலுகை இருக்கிறது.)

இதைச் சொன்னதும் எல்லோரும் "அப்ப நானும் மாறிக்கிறேன்" என்பார்கள். அது உங்கள் இஷ்டத்துக்கு மாற்றும் விஷயம் இல்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறது, ட்யூட்டி நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், லீவுக்கு யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள், வேறு இடத்தில் பிராக்டிஸ் செய்யலாமா என்பதையெல்லாம் வைத்துத்தான் அது சம்பளமா ஃபீஸா என்று முடிவாகும். மருத்துவமனை 192-இல் பிடித்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு ரிட்டர்னில் ஃபீஸ் என்று எழுதினால் நோட்டீஸ் வராமல் இருக்காது. அதோடு, ஃபீஸ் வாங்குபவருக்கு பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, மகப்பேறு விடுப்புக்குச் சம்பளம் இல்லை. என் மனைவி எங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம் வீட்டில் இருந்தபோது அந்த ஐந்து மாதமும் வந்த தொகை பூஜ்யம். வரியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போனது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டுங்கள். சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகு காட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

அரசு மருத்துவர்கள் பலர் தமிழ்நாட்டில் பணி நேரத்துக்கு வெளியே கிளினிக் நடத்துகிறார்கள். அவர்களுக்கு இரண்டும் உண்டு: சம்பளம் தனி, கிளினிக் வருமானம் தனி, ரிட்டர்ன் ஒன்று. கிளினிக் வருமானத்தை எழுதாமல் ஃபார்ம் 16-ஐ மட்டும் போட்டு முடித்துக்கொள்வது முன்பு நடந்திருக்கலாம். கியூஆர் கோட் ஒட்டிய நாளிலிருந்து அது நடக்காது.

பாதி லாபம் என்ற ஏற்பாடு

44ஏடிஏ பற்றி இன்னும் கொஞ்சம். வருட மொத்த வரவு 50 லட்சம் வரை இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம், செலவு பில் எதுவும் காட்டத் தேவையில்லை. ரொக்கமாக வாங்கியது மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் இந்த எல்லை 75 லட்சம். கார்ப்பரேட் மருத்துவமனையில் மட்டும் வேலை செய்பவருக்கு எல்லாம் பேங்க் வழியே வருவதால் 75 லட்சம் தாராளமாகப் பொருந்தும். தெருமுனை கிளினிக்கில் பத்துக்கு மூன்று பேராவது ரொக்கம் நீட்டுவார்கள், அங்கே 50 லட்சம்தான்.

ஒரு கணக்கு: எல்லாம் பேங்கில் வந்த 40 லட்சம். வருமானம் 20 லட்சம். வரி 2 லட்சம், 4 சதவீத செஸ் சேர்த்து 2,08,000. டிடிஎஸ் ஏற்கெனவே 4 லட்சம் போயிருக்கும், ஆகவே 1,92,000 திரும்ப வரும். இந்த ரீஃபண்டைத் தீபாவளி போனஸ் மாதிரி நினைத்து ஃபோன் வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் பணம்தான், பல மாதமாக அரசாங்கத்திடம் இருந்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

கிளினிக் வருமானத்துக்கு டிடிஎஸ் பிடிப்பவர் யாரும் இல்லை. அதனால் முன்கூட்டிய வரி நீங்களே கட்ட வேண்டும். 44ஏடிஏ-காரர்களுக்கு இதில் ஒரு வசதி, நான்கு தவணை வேண்டாம், மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். மற்றவர்களுக்கு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. தவறினால் மாதம் 1 சதவீதம் என்று வட்டி ஓடும்.

உண்மையான செலவு பாதிக்கும் குறைவாக இருந்தாலும் பாதியே காட்டலாமா என்று கேட்பார்கள். ஆடிட்டர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. நான் பார்ப்பது இதைத்தான்: 24 லட்சம் வந்து, 12 லட்சம் வருமானம் என்று எழுதி, அதே வருடம் 19 லட்சத்துக்கு மனை வாங்கினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். சட்டம் புத்தகம் வைக்கச் சொல்லவில்லை என்றாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் அளவுக்காவது கையில் எழுத்து இருக்கட்டும்.

அப்புறம், வங்கிக் கடன். இரண்டு மூன்று வருடத்தில் நர்ஸிங் ஹோம் கட்டும் எண்ணம் இருந்தால் வங்கி முந்தைய மூன்று வருட ரிட்டர்னைக் கேட்கும். அதில் இருக்கும் வருமானத்தை வைத்துத்தான் கடன் கணக்குப் போடுவார்கள். வரியைக் குறைத்த அதே எண் அங்கே வந்து குறுக்கே நிற்கும். இதை எந்த ஆடிட்டரும் தானாகச் சொல்வதில்லை, நீங்கள் "கட்டப் போகிறேன்" என்று சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

இரவு ஒன்பதரை மணி

எங்கள் கிளினிக்கில் கடைசி டோக்கன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அட்டெண்டர் அக்கா எவர்சில்வர் டப்பாவைத் திறப்பார். போன செவ்வாய்க்கிழமை 43 டோக்கன். அதில் ஆறு பேர் ரிவ்யூ, ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தால் நாங்கள் காசு வாங்குவதில்லை. மீதி 37 பேர், தலைக்கு 300. ஆக 11,100 இருக்க வேண்டும். டப்பாவில் 4,200, ஃபோனில் 6,900. சரியாக இருந்தது. இல்லாத நாளும் உண்டு, ஒரு நாள் 300 குறைந்து, அரை மணி நேரம் தேடி, கடைசியில் டாக்டரம்மாவே தெருக்காரப் பாட்டியிடம் "பரவால்ல பாட்டி போங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இலவசமாகப் பார்த்தாலும் நோட்டில் பூஜ்யம் போட்டு எழுதிவிடுகிறோம்.

அந்த நோட்டில் ஆறு கட்டம்: தேதி, வரிசை எண், நோயாளி பெயர், என்ன பார்த்தோம் (கன்சல்டேஷன், ஊசி, தடுப்பூசி, வீட்டு விசிட்), ஃபீஸ், பணம் கைக்கு வந்த தேதி. இது நான் கண்டுபிடித்தது இல்லை. வருமான வரி விதி 6எஃப் மருத்துவர்களுக்கென்றே கேட்கும் ஃபார்ம் 3சி இதுதான். வக்கீலுக்கும் இன்ஜினீயருக்கும் இல்லாத இரண்டு கடமை டாக்டருக்கு அந்த விதியில் உண்டு, ஒன்று இந்த தினசரிப் பதிவு, இன்னொன்று வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் கையிருப்பில் உள்ள மருந்து, ஊசி, பஞ்சு, கையுறை எல்லாவற்றின் பட்டியல். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் மார்ச் 31 இரவு அதைத் திறந்து எண்ணி எழுதி ஒரு ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. இதோடு கேஷ் புக், லெட்ஜர், 25 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுகளின் நகல், செலவு பில்கள். 44ஏடிஏ-இல் இருப்பவருக்குச் சட்டம் இதை விட்டுக்கொடுக்கிறது. நாங்களும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறோம், ஆனாலும் எழுதுகிறோம்.

ஏன் என்றால், கிளினிக் பணமும் வீட்டுப் பணமும் எங்கே பிரிகிறது என்று வேறு வழியில் தெரியாது. கிளினிக்குக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கியூஆர் கோட் அதில் மட்டும் விழும்படி செய்யுங்கள். ரொக்கத்தை வாரம் இருமுறை அதே கணக்கில் போடுங்கள். அங்கிருந்து மாதம் ஒரு தொகை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு, சம்பளம் மாதிரி. இன்னொரு பகுதி, எங்களுக்கு வரவில் பத்து சதவீதம், வரிக்கென்று தனி ஆர்டி-யில். டப்பாவிலிருந்து எடுத்து மீன் வாங்குகிற பழக்கம் இருக்கும்வரை எந்த ஆடிட்டரும் உங்கள் கணக்கைச் சரிசெய்ய முடியாது.

இயந்திரம் வாங்குபவர்கள்

ஸ்கேன், லேப்ராஸ்கோப், டயாலிசிஸ் என்று இறங்கியதும் பாதி லாபக் கணக்கு பெரும்பாலும் நஷ்டம். ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். வரவு 45 லட்சம். வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் எல்லாம் 20 லட்சம். கடனில் 20 லட்சத்துக்கு கலர் டாப்ளர், அந்த வருட வட்டி 2 லட்சம். கலர் டாப்ளர் உயிர்காக்கும் கருவிகள் பட்டியலில் இருப்பதால் தேய்மானம் 40 சதவீதம், அதாவது 8 லட்சம். மொத்தச் செலவு 30, லாபம் 15 லட்சம், வரி செஸ்ஸோடு 1,09,200. பாதி லாபம் காட்டியிருந்தால் 22.5 லட்சத்துக்கு 2,73,000 ஆகியிருக்கும். வித்தியாசம் 1,63,800.

ஆனால் இரண்டு கொக்கி இருக்கிறது. பாதிக்கும் குறைவாக லாபம் காட்டினால், வரவு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், முழுப் புத்தகமும் வரித் தணிக்கையும் கட்டாயம். இரண்டாவது, 40 சதவீதம் முழுதாகக் கிடைக்க அந்த வருடத்தில் 180 நாளாவது இயந்திரம் ஓடியிருக்க வேண்டும், அதாவது அக்டோபர் பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள் வேலையில் இறங்கியிருக்க வேண்டும். வாங்கிய தேதியைப் பார்ப்பதில்லை, பயன்படுத்தத் தொடங்கிய தேதிதான். நவம்பரில் தொடங்கினால் 20 சதவீதம்தான். ஸ்கேன் இயந்திரத்துக்கு பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்) பதிவு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே அந்த விண்ணப்பத்தைக் கோடையிலேயே தொடங்குங்கள். ஆயுத பூஜை அன்று நல்ல நாள் பார்த்து இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் காலண்டரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். சில வருடம் பூஜை செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிடும், சில வருடம் அக்டோபர் நடுவில்.

எல்லாக் கருவிக்கும் 40 கிடையாது. வென்டிலேட்டர், டிஃபிப்ரிலேட்டர், டயாலிசிஸ், எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப் எல்லாம் பட்டியலில் உண்டு. சாதாரணக் கருவிகளுக்கும் காருக்கும் 15, மேஜை நாற்காலிக்கு 10, கம்ப்யூட்டருக்கு 40. அடுத்தடுத்த வருடம் தேய்மானம் மீதி மதிப்பில்தான் கணக்கு, 8 லட்சம் அடுத்த வருடம் 4.8 ஆகும், அப்புறம் 2.88. அதனால் வருடா வருடம் எது லாபம் என்று புதிதாகப் போட்டுப் பாருங்கள். 44ஏடிஏ-ஐ ஒரு வருடம் விட்டால் ஐந்து வருடம் திரும்ப வர முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அந்தப் பூட்டு வியாபாரிகளுக்கான 44ஏடி-க்குத்தான்.

ரொக்கம், பரிசு, ஜிஎஸ்டி

மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நோயாளியிடம் ஒரே சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்மிஷனில் ஒன்றரை, டிஸ்சார்ஜில் ஒன்று என்று பிரித்து வாங்கினாலும் அது ஒரே நிகழ்வுதான். அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், அதாவது முழுதும் போய்விடும். நீங்கள் கொடுக்கும் பக்கம், புத்தகம் வைத்துக் கணக்குக் காட்டுபவர் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவே செல்லாது. நர்ஸுக்கு 12,000 சம்பளத்தை கவரில் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கிளினிக் வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் தணிக்கை இல்லாதவர்கூட 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், இதைப் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து கம்பெனி தரும் விமான டிக்கெட், டிவி, ஹோட்டல். வருடம் 20,000-க்கு மேல் போனால் 2022 ஜூலையிலிருந்து அவர்கள் 194ஆர்-இல் 10 சதவீதம் கட்டி உங்கள் பான் எண்ணில் ஏற்றிவிடுவார்கள். இலவச சாம்பிள் மருந்தும் இதில் சேரும். உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில் (உங்கள் பான் எண்ணில் பதிவானவற்றை வரித் துறை காட்டும் பட்டியல்) அது வந்து நிற்கும், நீங்கள் ரிட்டர்னில் எழுதாவிட்டால் கம்ப்யூட்டரே கேட்கும். மருத்துவக் கவுன்சில் விதிப்படி வாங்கவே கூடாது என்பது வேறு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தச் செலவைக் கம்பெனிகள் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ரெஃபரலுக்குக் கொடுக்கும் 'கட்' பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, அதைச் செலவாகக் காட்ட முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜிஎஸ்டி. சிகிச்சைக்கு விலக்கு உண்டு. அதனால் டாக்டருக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. முடி மாற்று அறுவை, அழகுக்காகச் செய்யும் அறுவை ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. ஐசியு அல்லாத அறை ஒரு நாளுக்கு 5,000-க்கு மேல் என்றால் 5 சதவீதம். சொந்தக் கட்டடத்தின் முன்பக்கத்தை மெடிக்கல் ஷாப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அந்த வாடகைக்கு வரி உண்டு. மாதம் 15,000 தானே, 20 லட்சத்துக்குக் கீழே என்று நினைப்பீர்கள். ஆனால் பதிவு எல்லையான 20 லட்சத்தைக் கணக்குப் போடும்போது விலக்குள்ள கன்சல்டேஷன் வரவையும் கூட்டவேண்டும். ஃபீஸ் 30 லட்சம், வாடகை 1.8 லட்சம் என்றாலும் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அவர் டாக்டர்களின் கணக்கை எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆடிட்டரை எப்படிப் பிடிப்பது

கல்யாணத்துக்கு முன்பு என் மனைவிக்கு ஒரு ஆடிட்டர் இருந்தார். நல்ல மனிதர், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். வருமான வரி போர்ட்டலில் இவருடைய பெயருக்குக் கொடுத்திருந்த மெயிலும் மொபைல் எண்ணும் அந்த ஆபீஸ் உதவியாளருடையவை. ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் பார்த்த லோக்கம் (வேறொரு டாக்டருக்குப் பதிலாகப் பார்க்கும் தற்காலிக வேலை) வருமானம் ரிட்டர்னில் விட்டுப்போக, அதற்கு நோட்டீஸ் வந்தது, வந்த இடம் வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையனின் மெயில். எங்களுக்குத் தெரிந்தது அடுத்த வருட ரீஃபண்டில் முப்பத்தெட்டாயிரம் கழிந்து வந்தபோதுதான். ஆடிட்டரைக் கேட்டால் "மேடம், நீங்க அந்த ஆஸ்பத்திரி பத்தி சொல்லவே இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான்.

அதனால், யாரை வைத்தாலும் போர்ட்டலில் முதன்மை மெயிலும் மொபைலும் உங்களுடையதாக இருக்கட்டும், ஆடிட்டருடையதை இரண்டாவதாகப் போடுங்கள். பாஸ்வேர்ட் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரிட்டர்ன் போடும் முன் 26ஏஎஸ்-ஐயும் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) ஏஐஎஸ்-ஐயும் நீங்களே இறக்கி எந்தெந்த மருத்துவமனை எவ்வளவு காட்டியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். நோயாளியின் லேப் ரிப்போர்ட்டைப் பார்க்கும் கவனத்தில் பாதி போதும்.

ஆள் பட்டய கணக்காளர்தானா என்று உறுப்பினர் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லோரையும் நாம் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம், சிலர் வரி ஆலோசகர்கள், அதில் தப்பில்லை, ஆனால் தணிக்கை அறிக்கையில் அவர்களால் கையெழுத்துப் போட முடியாது. அவர் தரும் சான்றிதழில் யுடிஐஎன் என்று 18 இலக்க எண் இருக்க வேண்டும். அதைப் பட்டய கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்தில் யாரும் சரிபார்க்கலாம், வங்கிகளும் பார்க்கின்றன. முதல் சந்திப்பிலேயே "உங்களுக்கு எவ்வளவு ரீஃபண்ட் வேணும்?" என்று கேட்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கட்சிக்கு நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை என்று பொய்க் கழிவு போட்டுத் தருபவர்களை 2025-இல் வருமான வரித் துறை நாடெங்கும் துழாவியது. நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் இல்லை.

நான் கேட்கச் சொல்வது வருடத்துக்கு மூன்று சந்திப்பு: செப்டம்பர் முதல் வாரம் (இயந்திரம் வாங்குவதா, முன்கூட்டிய வரி எவ்வளவு), பிப்ரவரி கடைசி (44ஏடிஏ-ஆ புத்தகமா, மார்ச் 15-க்கு எவ்வளவு கட்டுவது), ஜூன் (ரிட்டர்ன்). ஃபீஸ் பேசும்போதே இந்த மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். கொஞ்சம் அதிகம் கேட்பார், கொடுங்கள்.

திட்டமிடல் என்ற பெயரில் வருபவர்கள்

எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், பிஜி மூன்று, சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் இன்னும் மூன்று. கூடப் படித்த இன்ஜினீயர் பையன் பத்து வருடமாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் முப்பத்திரண்டில் முதல் பெரிய செக்கைப் பார்க்கிறார். அன்றே வங்கியிலிருந்து ஒருவர், தூரத்துச் சொந்தத்தில் ஒரு ஏஜென்ட் மாமா, மனை விற்கும் ஒருவர் என மூன்று பேர் ஓபி-யில் டோக்கன் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாமாவிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம். "ஆடிட்டர் கேட்டுச் சொல்றேன் மாமா" என்று சொல்லித் தப்பிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆனால் ஆடிட்டரும் முதலீட்டு ஆலோசகர் இல்லை. அது தனி வேலை. ஆலோசனைக்கு மட்டும் ஃபீஸ் வாங்குபவருக்கு செபி பதிவு எண் இருக்கும், ஐஎன்ஏ என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏஆர்என் எண், அவருக்கு வருமானம் ஃபண்ட் கம்பெனி தரும் கமிஷன். இரண்டாமவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, எங்கள் முதல் எஸ்ஐபி-யே (மாதாமாதம் ஃபண்டில் போடும் தொகை) அப்படி ஒருவர் மூலம்தான். யார் காசு யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

வரிசை என்று கேட்டால் நான் இப்படி வைப்பேன். முதலில் ஆறு மாதச் செலவு, வீட்டுக்கு மட்டும் இல்லை, கிளினிக் வாடகைக்கும் அக்காவின் சம்பளத்துக்கும் சேர்த்து. கொரோனா காலத்தில் ஓபி மூடிக் கிடந்தபோது இதுதான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்து தொழில் இழப்பீட்டுக் காப்பீடு (இண்டெம்னிட்டி), நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்குக் கைகொடுப்பது. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து இது இல்லாமல் பிராக்டிஸ் செய்வது ஹெல்மெட் இல்லாமல் பைபாஸில் போவது மாதிரி. இதில் முக்கியம் ஒரு வருடமும் விடாமல் புதுப்பிப்பது. பெரும்பாலான பாலிசிகள் வழக்கு வரும் வருடத்தைப் பார்க்கும், சிகிச்சை நடந்த தேதி பாலிசி தொடங்கிய நாளுக்குப் பின்னால் இருக்கவேண்டும், நடுவில் விட்டால் பழைய வருடங்களுக்கான பாதுகாப்பு போய்விடும். பிராக்டிஸை நிறுத்திய பிறகும் சில வருடம் கட்டுவதுதான் நல்லது.

மூன்றாவது டேர்ம் இன்ஷூரன்ஸ். மருத்துவமனைக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் போடுபவர்கள் இந்தப் பாலிசியை 1874-ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம், அப்படி எடுத்தால் கடன்காரர் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். விண்ணப்பிக்கும்போதே சொல்லவேண்டும், பிறகு மாற்ற முடியாது. அறுவை மருத்துவர்கள் கை அடிபட்டால் என்ன செய்வது என்று விபத்துக் காப்பீட்டையும் பார்க்கவேண்டும். உங்கள் மருத்துவமனையில் சலுகை கிடைக்கும் என்று குடும்ப மெடிக்ளெய்மை விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து விலகினால் சலுகையும் விலகிவிடும், அப்போது வயது ஐம்பது ஆகியிருக்கும், சுகரும் வந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இதெல்லாம் ஆன பிறகுதான் எஸ்ஐபி, பிபிஎஃப். புதிய வரிமுறையில் முதலீட்டுக்கான 80சி, மெடிக்ளெய்முக்கான 80டி, கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவு எதுவும் கிடையாது, ஆகவே "டாக்ஸ் சேவிங்" என்று யாராவது பாலிசி நீட்டினால் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். பழைய முறைக்குப் போகலாம், ஆனால் தொழில் வருமானம் உள்ளவர் அப்படிப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்புவது ஒரே ஒருமுறைதான். சம்பளக்காரர் மாதிரி வருடா வருடம் மாற்ற முடியாது.

மனையைப் பற்றி எழுதினால் வீட்டில் சண்டை வரும். எங்களிடமும் மண்ணச்சநல்லூர் பக்கம் ஒன்று இருக்கிறது, வருடம் ஒருமுறை போய்ச் சீமைக்கருவேலம் வெட்டிவிட்டு வருகிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓபி இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போர்ட்டலில் நுழைந்து மெயிலும் மொபைலும் யாருடையவை என்று பாருங்கள், ஏஐஎஸ்-ஐ இறக்குங்கள், மருத்துவமனை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள், இண்டெம்னிட்டி பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஹெச்ஆர்-இல் ஒரு நகல் கேளுங்கள், தருவார்கள், கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார்கள்.